கை வைக்காதே, எவெலியோ!

மெரிதா, மெக்சிகோ
11 ஜூன் 2023

கை அடங்காத என் எவெலியோவுக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. தொப்பை போட்டிருக்கிறாய் என்று பெலார்மினோ சொல்லிவிட்டார். மாதம் ஒருமுறை துணிமூட்டையோடு அங்கும் இங்கும் பறக்கிற மனுஷன், நம் கடிதங்களோடு ஊர்க்கதையையும் இலவசமாகச் சுமந்து வருகிறார்.

ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நம் தெருவில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் சூராமிஸ் வீட்டு மாடிப்படி. அங்கே நின்று நீ "ஆ? என்ன? கேக்கல!" என்று கத்தினால் தெருவே நாற்காலி போட்டு உட்கார்ந்து நம் குடும்ப விஷயத்தைக் கேட்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

மின்சார ஸ்கூட்டர் வாங்கிவிட்டேன்! சிவப்பு. நான் பார்த்துக்கொள்கிற கிழவி தோன்யா லியோனோர் மதியத் தூக்கத்தில் இருந்தபோது சமையலறை மேசையில் உட்கார்ந்து, ஃபோனில் அந்தக் கடையின் பக்கத்தைத் திறந்து, மூன்று நாளாகப் பார்த்து வைத்திருந்த அந்தப் பொத்தானை அழுத்தினேன். முப்பது வருஷம் ஊசி போட்ட கை எவெலியோ, ஒரு பொத்தானுக்கு மூன்று நாள் தயங்கியது.

இருபது நாளில் சியென்ஃபுவேகோஸ் கிடங்குக்கு வரும். நம் தீவில் இருக்கிற ஒருவர் பெயரும் அடையாள எண்ணும் கேட்டார்கள், உன்னுடையதைக் கொடுத்தேன். ஆகவே காகிதத்தில் நீதான் சொந்தக்காரன். சாவி என்னுடையது. போய் எடுத்து, பதிவு அலுவலகத்தில் பதிந்து, நம்பர் பிளேட் மாட்டி வை. டிசம்பரில் ஒப்பந்தம் முடிந்து வந்ததும் ஓட்டக் கற்றுக்கொண்டு, கவோனாவோ பக்கத்து நோயாளிகளை நானே போய்ப் பார்ப்பேன். குதிரை வண்டிக்குக் காத்து நின்று, வியர்த்து வழிந்து, நோயாளிக்கு முன்னால் நானே நோயாளி மாதிரி போய் நின்றதெல்லாம் போதும்.

இப்போது முக்கியமான விஷயம். உட்கார்ந்து படி.

அதில் கை வைக்காதே.

உன் கையைப் பற்றி எனக்குத் தெரியும். ஊரில் நசுங்கின கார் எல்லாம் உன் கை பட்டுப் புதுசாகும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நசுங்காததையும் நீ விடுவதில்லையே! என் ஃப்ரிட்ஜுக்கு நீலம் அடித்தாய், கதவு ஒட்டிக்கொண்டது. தையல் மிஷினை "இலகுவாக்குகிறேன்" என்று பிரித்தாய், மூன்று திருகாணி மிச்சம். என் கல்யாணக் கடிகாரம் உன் கைவண்ணத்துக்குப் பிறகு பின்னால் ஓடியது. முப்பத்தோரு வருஷத்தில் எனக்கென்று வந்த ஒரு பொருளாவது வந்தபடி இருந்திருக்கிறதா? இந்த ஒன்று இருக்கட்டும். இதை மட்டும் கேட்கிறேன்.

முத்தங்களோடும் எச்சரிக்கையோடும்,
எலோய்னா


சியென்ஃபுவேகோஸ்
2 ஜூலை 2023

என் கண்ணே, என் மருந்தே, எலோய்னா,

வந்துவிட்டாள்! நீ 'அது' என்று எழுதினாய், எனக்கு வாய் வரவில்லை, 'அவள்' என்றுதான் சொல்வேன். கிடங்கில் பெட்டியைப் பிரித்தபோது அங்கிருந்த பையன்களே கை தட்டினார்கள். குதிரை வண்டிக்கார நிசியோ இலவசமாக ஏற்றி வந்தான். வழியெல்லாம் குதிரையைக் காட்டிக் காட்டி, "பாத்துக்கடா, உன் பொழப்புல மண்ணு போட வந்தவளை நீயே இழுத்துட்டுப் போற" என்று அதனிடம் பேசிக்கொண்டே வந்தான்.

தெருவே கூடிவிட்டது. சூராமிஸ் சுற்றிச் சுற்றி வந்து, "எவெலியோ அண்ணே, இதுக்கு இன்னும் நீங்க பச்சைக் கோடு ஏதும் போடலையா? உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். என் அம்மாவின் கல்லறை மேல் சத்தியமாகச் சொல்கிறேன், நான் பிரஷ்ஷைத் தொடவில்லை. பெயின்ட் டப்பாக்கள் இருக்கும் அலமாரியின் சாவியை சூராமிஸிடமே கொடுத்துவிட்டேன்.

கரன்ட் நாலு மணி நேரம் வருகிறது, ஆறு மணி நேரம் போகிறது. வந்தவுடன் முதலில் அவளுக்குத்தான் சார்ஜர், பிறகுதான் அரிசி வேகும். வருகிற வாரம் பதிவு அலுவலகம் போகிறேன்.

பெலார்மினோவிடம் காப்பித்தூள் கொடுத்து அனுப்பு. இங்கே கிடைப்பதில் பட்டாணிதான் அதிகம், காப்பி வாசனைக்கு மட்டும். முடிந்தால் எண்ணூறாம் நம்பர் உப்புத்தாள் பத்து. வேறு வேலைக்கு.

கட்டிலின் உன் பக்கத்தில் இன்னும் யாரும் படுக்காத,
உன் எவெலியோ


மெரிதா
23 ஜூலை 2023

எவெலியோ,

எந்த வேறு வேலைக்கு?

எண்ணூறாம் நம்பர் என்பது கடைசி மெருகுக்குப் போடும் தாள் என்று எனக்குத் தெரியும். டிங்கர் வேலைக்காரன் பெண்டாட்டி நான். காப்பித்தூள் வருகிறது, உப்புத்தாள் வராது.

இங்கே வெயில் உச்சந்தலையைப் பிளக்கிறது. எல்லாவற்றிலும் மிளகாய். நேற்று மாம்பழத்தைக் கடித்தேன், அதன் மேலும் மிளகாய்ப்பொடி! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தோன்யா லியோனோர் விழுந்து விழுந்து சிரித்தாள். எண்பத்தெட்டு வயசில் அப்படிச் சிரிக்க உடம்பில் தெம்பு இருப்பது நல்லதுதான்.

ஒன்று சொல்ல வேண்டும். இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்லிக் கேட்கிறாள். செப்டம்பர் முப்பதுக்குள் பதில் வேண்டுமாம், இல்லையென்றால் வேறு ஆள் தேட வேண்டுமே. நான் உடனே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஏனோ சொல்லவில்லை. இங்கே எனக்கு ஒரு சின்ன அறை இருக்கிறது, எவெலியோ. வைத்த சீப்பு வைத்த இடத்தில் இருக்கிறது. அது ஒரு சுகம்தான், ஒளித்து என்ன ஆகப் போகிறது.

ஆனால் வீடும் வேண்டும், நீயும் வேண்டும். அதனால் ஒரு காரியம் செய். பிளேட் மாட்டியதும் ஒரு படம் எடுத்து அனுப்பு. தோன்யா லியோனோர் முன்னால் வைத்து, "பாருங்கம்மா, என் வண்டி எனக்காக நிக்குது, நான் போகணும்" என்று சொல்லிவிடுகிறேன். வாயால் சொல்ல வராதது, படத்தைக் காட்டினால் வந்துவிடும்.

எலோய்னா


சியென்ஃபுவேகோஸ்
20 ஆகஸ்ட் 2023

என் ராணிக்கு,

காப்பி வந்தது. முதல் மடக்கில் கண்ணை மூடிக்கொண்டேன்.

பதிவு எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கிறது, அதாவது போய்விட்டது, அலுவலகம் என்றால் உனக்குத் தெரியாததா, ஒரு காகிதம் இருந்தால் இன்னொரு காகிதம் இருக்காது, ஆனால் கவலைப்பட ஒன்றுமில்லை. படம் இத்துடன். முற்றத்தில் எடுத்தது, சூராமிஸின் தம்பி பிரதி போட்டுக் கொடுத்தான். பிளேட் தெரிகிறதா? எவ்வளவு அழகான நம்பர்!

நிசியோவின் குதிரைக்குக் கால் வீங்கியிருக்கிறது. மழை இல்லை. மரவள்ளிக்கிழங்கு இந்த வருஷம் நார். வேறு விசேஷம் இல்லை.

அவசரமாக,
எவெலியோ


மெரிதா
10 செப்டம்பர் 2023

எவெலியோ,

படம் கிடைத்தது. மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். கே 140592.

பதினான்கு, ஐந்து, தொண்ணூற்றிரண்டு. நம் கல்யாணத் தேதி. எப்பேர்ப்பட்ட அலுவலகம்! ஒவ்வொருவனுக்கும் அவனவன் கல்யாண நாளைக் கேட்டுத்தான் நம்பர் கொடுக்கிறார்களா? அந்த ஒன்பதின் வாலும் எனக்குத் தெரியும். ரொட்டிக்கடைப் பலகையில் நீ எழுதின ஒன்பதுக்கும் இதே வால்தான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாய் என்றால், நீ மறைத்த அழகுக்குப் பூசணிக்காயே எழுந்து வந்து எனக்குக் கடிதம் போட்டிருக்கும்.

என்ன நடந்தது என்று கேட்கவில்லை. ஏதோ செய்திருக்கிறாய். ஃப்ரிட்ஜுக்கு நீலம் அடித்தபோதுகூட என்னிடம் பொய் சொன்னதில்லை, மார்தட்டிக்கொண்டு நின்றாய். இப்போதுதான் முதல் தடவையாகப் பொய். அது வலிக்கிறது.

முப்பதாம் தேதிக்கு இருபது நாள் இருக்கிறது. "இருக்கிறேன்" என்பதுதான் இப்போது என் நாக்கு நுனியில் நிற்கிறது.

எலோய்னா


சியென்ஃபுவேகோஸ்
16 செப்டம்பர் 2023

எலோய்னா,

எந்த அடைமொழியும் போட எனக்கு இன்று யோக்கியதை இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அவள் வந்த மறுநாள். துடைக்கத்தான் துடைத்தேன். கால் வைக்கும் இடத்து ரப்பர் விரிப்பைத் தூக்கினேன். கழுத்துக் குழாய்க்குக் கீழே, இரும்புச் சட்டத்தில், கட்டைவிரலில் ஏதோ சொரசொரவென்று தட்டுப்பட்டது. புள்ளி புள்ளியாக, வெல்டிங் பொறி தெறித்த மாதிரி. புது வண்டியில் இப்படி ஒரு அசிங்கமா! உன் கணுக்கால் உரசினால் தோல் போகும் என்று நினைத்தேன். அரத்தை எடுத்தேன். நாலே நாலு இழு. பிறகு கொஞ்சம் பட்டி பார்த்தேன், கொஞ்சம் சிவப்பு. பிரஷ்ஷைத் தொடவில்லை என்று சத்தியம் செய்தேனே, அது பொய்யில்லை. அடித்தது ஸ்ப்ரே.

ஜூலை பன்னிரண்டு, பதிவு அலுவலகம். காலை ஆறு மணிக்கே போய் "யாரு கடைசி?" என்று கேட்டேன். மர நிழலில் இருந்து ஒரு அம்மா கை தூக்கினாள். நான் அவளுக்குப் பின்னால். என் முறை வந்தபோது பதினோரு மணி. இன்ஸ்பெக்டர் இளவட்டம், நல்ல பையன். மோட்டார் நம்பரைப் பார்த்தான், விலைச்சீட்டோடு ஒத்துப்போனது. அப்புறம் விரிப்பைத் தூக்கினான். தடவினான். திரும்பவும் தடவினான்.

"ஐயா, சேஸ் நம்பர் எங்க?"

"அதான் மோட்டார்ல இருக்கே, தம்பி."

"மோட்டார்ல இருக்கறது மோட்டார் நம்பர். சேஸ் நம்பர், அதான் வண்டிச் சட்டத்தோட நம்பர், இங்க இருக்கணும். புள்ளி புள்ளியா குத்தியிருப்பாங்க."

எலோய்னா, நாற்பது வருஷமாக நான் பார்த்ததெல்லாம் அமெரிக்கக் கிழட்டுக் கார்கள். அதில் நம்பர் என்றால் கதவோரம் தகடு, எழுத்து விரல் தண்டி இருக்கும். எறும்பு ஊர்ந்த மாதிரி புள்ளி வைத்து நம்பர் எழுதுவான் ஒருவன் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

"நான்தான் தேச்சேன்" என்றேன்.

"எதுக்கு?"

"சொரசொரன்னு இருந்துச்சு."

வரிசையே சிரித்தது. அந்தப் பையன் சிரிக்கவில்லை. "ஐயா, திருட்டு வண்டிக்காரன்தான் இதைத் தேய்ப்பான். அவன்கூட இவ்வளவு நேர்த்தியா தேய்ச்சு நான் பாத்ததில்ல" என்றான். விலைச்சீட்டில் என் பெயர் இருந்ததால் பிடித்து வைக்கவில்லை. நிபுணர் சோதித்துச் சொல்லும்வரை ஓட்டக்கூடாது என்று காகிதம் எழுதிக் கொடுத்தான். துலிபான் பேட்டை வழியாக நாலு கிலோமீட்டர், உச்சி வெயிலில், தள்ளிக்கொண்டே வந்தேன். "என்ன அண்ணே, வண்டி உங்களை ஓட்டுதா?" என்று வழியெல்லாம் கேள்வி.

அதன் பிறகு உன் கடிதம், படம் கேட்டு. பிஸ்கட் டின் தகரத்தை வெட்டினேன். என்ன நம்பர் எழுதுவது என்று யோசித்தேன், வேறு ஒரு எண்ணும் மனசில் வரவில்லை. படம் எடுத்ததும் அதை நசுக்கிக் குப்பையில் போட்டேன். தெருவுக்கு அது போகவில்லை.

ஏன் தொட்டேன் என்று கேட்பாய். எனக்குப் பேசத் தெரியாது, எலோய்னா. நீ வீட்டுக்கு வரும்போது கால் வீங்கி வருவாய், நான் உன் நாற்காலிக்குக் கைப்பிடி வைப்பேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கடையில் எவனோ செய்ததை அப்படியே உன் கையில் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அது உனக்குத் தொல்லை என்பது இப்போதுதான், சீப்பு வைத்த இடத்தில் இருக்கிறது என்று நீ எழுதினதைத் திரும்பத் திரும்பப் படித்தபோதுதான், உறைத்தது. வெட்கமாக இருக்கிறது.

நிபுணர் இருபத்தைந்தாம் தேதி வருகிறார். முப்பதுக்குள் முடிவு உனக்கு வந்து சேராது. வா என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. படித்தாய் என்றால் போதும்.

எவெலியோ


சியென்ஃபுவேகோஸ்
8 அக்டோபர் 2023

அன்புள்ள எலோய்னா,

பெலார்மினோ வந்தார். உன் கடிதம் இல்லை. "கேட்டேன் அண்ணே, ஒண்ணும் குடுக்கல. ஆனா சாப்பிட்டுப் போகச் சொன்னாங்க" என்றார். உன் கை மரவள்ளிக்கிழங்கைச் சாப்பிட்ட வாய் அது என்று அவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முப்பது போய்விட்டது. நீ என்ன சொன்னாய் என்று தெரியாது. ஆனாலும் மிச்சக் கதையை எழுதிவிடுகிறேன், பாதியில் விட்டால் அதுவும் ஒரு பொய்.

நிபுணர் காம்பனியோனி, எழுபது வயசு, பூதக்கண்ணாடி, நடுங்காத கை. என் பெயின்ட்டைச் சுரண்டினார், என் பட்டியை நோண்டினார். பார்க்கச் சகிக்கவில்லை. பிறகு பஞ்சில் ஆசிட்டைத் தொட்டு மெதுவாகத் தடவினார். "இரும்புல அடிச்சது மேல மட்டும் நிக்காது, அடிவரைக்கும் அழுந்தியிருக்கும். தேச்சாலும் கொஞ்சம் கேட்டா சொல்லும்" என்றார். கால் மணி நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு ஏழு வந்தது. அப்புறம் ஒரு மூன்று. ஒவ்வொன்றாக எழுந்து வந்தன! நான் குழந்தை மாதிரி அழுதுவிட்டேன். காம்பனியோனி, "அழாதீங்க, ஆசிட்ல தண்ணி விழக்கூடாது" என்றார்.

விலைச்சீட்டோடு எல்லாம் ஒத்துப்போனது. ஆனால் மங்கலாக இருக்கிறதே, அதனால் அதே நம்பரை அச்சு வைத்து மறுபடி அடிக்க வேண்டும் என்று உத்தரவு. "நான் அடிக்கறேன், என் தொழில் இது" என்றேன். காம்பனியோனி என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க கையைப் பின்னால கட்டிக்கிட்டு அந்தச் சுவத்தோரம் நில்லுங்க." நின்றேன். அவர் கூட்டி வந்த ஆள் சுத்தியலால் அடித்தான். எலோய்னா, அப்படி ஒரு கோணலை நான் பார்த்ததே இல்லை! எட்டு படுத்திருக்கிறது, ஒன்று முதுகு வளைந்திருக்கிறது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு கையை விடாமல் கட்டிக்கொண்டு நின்றேன்.

அந்த இடத்தில் இனிமேல் பட்டி, பெயின்ட் எதுவும் கூடாது, மெல்லிய எண்ணெய் மட்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் நிறமாக, சொறி மாதிரி இருக்கிறது. தினமும் பார்க்கிறேன். தொடவில்லை.

அக்டோபர் மூன்றில் பதிவு ஆனது. நிஜ நம்பர் கே 077318. ஒரு அர்த்தமும் இல்லாத எண். இனி நான் அனுப்பும் படத்தை நீ நம்ப மாட்டாய், நம்பவும் வேண்டாம். சேஸ் நம்பர் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்திருக்கிறேன், நாணயத்தின் மேல் வைத்துப் பிள்ளைகள் தேய்ப்பார்களே, அந்த மாதிரி. இத்துடன் இருக்கிறது. இதில் என் கைவண்ணம் எதுவும் இல்லை.

நீ அங்கேயே இருப்பதாகச் சொல்லியிருந்தால், நல்லபடியாக இரு. இவளுக்கு நான் தினமும் சார்ஜ் போடுகிறேன், டயர் ஒரு பக்கமாக அமுங்காமல் தள்ளி வைக்கிறேன். எத்தனை வருஷம் ஆனாலும் வந்தபடியே இருப்பாள், அந்த உள்ளங்கை அளவு தவிர.

எவெலியோ


மெரிதா
29 அக்டோபர் 2023

என் அன்பான, உருப்படாத எவெலியோவுக்கு,

செப்டம்பர் முப்பதாம் தேதி தோன்யா லியோனோர் கேட்டாள், "என்னம்மா, இருக்கியா, போறியா?" ஒரு மாசம் பொறுங்கள் என்றேன். "எதுக்குக் காத்திருக்கே?" என்றாள். "ஒரு நம்பருக்கு" என்றேன். லாட்டரி வாங்கியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். உனக்கு எழுதாமல் இருந்தது வேண்டுமென்றேதான். கொஞ்சம் வேகட்டும் என்று விட்டேன்.

நீ அனுப்பிய தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எட்டு படுத்திருக்கிறது, ஒன்று கூனியிருக்கிறது, சரிதான். எண்களுக்குக் குறுக்கே சாய்வாகச் சில கோடுகள். அரம் இழுத்த கோடுகள். அதை மறைக்காமல் நீயே தேய்த்து எடுத்து அனுப்பியிருக்கிறாய், அனுப்பும்போது கவனித்தாயோ இல்லையோ.

நாலே நாலு இழு என்று எழுதியிருந்தாய். நான் எண்ணினேன். ஊசி முனையை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினேன். ஏழு.

நாற்காலியில் சாய்ந்து சிரித்தேன் பார், எவெலியோ, அந்தக் கிழவி கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஓடி வந்துவிட்டாள். "நம்பர் வந்திருச்சா?" என்றாள். "வந்திருச்சும்மா" என்றேன். "அப்ப போயிடுவியா?" என்று கேட்டு, அவளே என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். நல்ல மனுஷி. வேறு நர்ஸ் கிடைத்துவிட்டாள், வேலை சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்று இழு குறைத்துச் சொல்கிற புருஷனோடு குடித்தனம் நடத்த எனக்குத் தெரியும். முப்பத்தோரு வருஷம் நடத்தியிருக்கிறேன். தகர பிளேட் மட்டும் இனி வேண்டாம்.

டிசம்பர் இருபது, ஹவானா விமானம். சியென்ஃபுவேகோஸ் பஸ் நிலையத்துக்கு நீ அவளோடு வர வேண்டும். பெட்டிகளை நிசியோவின் குதிரை கொண்டு வரட்டும், அதன் மனசும் ஆறும். நான் உன் பின்னால் உட்கார்ந்து பிராதோ வீதி வழியாக, ஊர் பார்க்க வருவேன். மெதுவாக ஓட்டு.

எண்ணூறாம் நம்பர் உப்புத்தாள் கேட்டாய் அல்லவா, வாங்கவில்லை. வாங்கப் போவதும் இல்லை. இன்னும் ஐம்பத்திரண்டு நாள் இருக்கிறது, உன் கை அரிக்கும், எனக்குத் தெரியும். அரித்தால் போய் சூராமிஸ் வீட்டுக் கேட்டுக்குப் பெயின்ட் அடி.

வந்ததும் முதல் வேலையாக விரிப்பைத் தூக்கி அந்த இடத்தை என் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பேன். சொரசொரவென்று இருக்க வேண்டும்.

உன்,
எலோய்னா